விலைச் சீட்டில் நீளத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை ஒரு வளர்ப்பு மீன் கடையில் நின்றிருந்தேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கண்ணாடியில் விரலை வைத்து, "அப்பா, இது வேணும்" என்றான். கருநீல உடம்பு, அதில் வெள்ளை வளையங்கள். இரண்டு அங்குலம்கூட இருக்காது. எம்பரர் ஏஞ்சல் என்ற கடல் மீனின் குஞ்சு. வீட்டில் இரண்டடி உப்பு நீர்த் தொட்டி இருப்பதாக அப்பா சொன்னார். "பிரச்சனை இல்லை" என்று கடைக்காரர் பையைக் கட்டிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் இதே குஞ்சை மூன்றடித் தொட்டிக்கு வாங்கியவன் நான். 40 சென்டிமீட்டர் வரை வளரும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வளையங்கள் மெல்லக் குலைந்து மஞ்சள் கோடுகளாக மாறின. குஞ்சையும் பெரியதையும் ஒரு காலத்தில் வேறு வேறு மீன் என்று நினைத்துத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்களாம். பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. கோபம் வந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் போடும், யாரோ மேசையைத் தட்டினாற்போல.

ஒன்பது அங்குலம் ஆனதும் திரும்ப இடமில்லை. கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் விழ ஆரம்பித்தன. கடலில் கடற்பஞ்சு தின்று வளரும் மீன் அது. நான் போட்டதோ வெறும் இறால். ஆயிரம் லிட்டர் தொட்டி வைக்கலாம் என்றால், தண்ணீரே ஒரு டன் எடை. எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. கர்னி டிரைவில் கடலில் விட்டுவிடு என்றார்கள். பவளப்பாறை மீனை அந்தச் சேற்றுத் தண்ணீரில் விட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தேன். பிடிக்கும்போது அதன் கன்னத்து முள் வலையில் மாட்டிக்கொண்டது. வலையைக் கத்தரித்துத்தான் எடுத்தோம். வலை வேண்டாம், டப்பாவில் தண்ணீரோடு மொள்ள வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. பாலம் தாண்டும் வரை என் மகள் வாளியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைக்காரர்களே, விலைச் சீட்டிலேயே மீனின் முழு வளர்ச்சி நீளத்தையும் அதற்குத் தேவையான தொட்டி அளவையும் எழுதி ஒட்டுங்கள். இருபது வருடம் வாழக்கூடிய உயிர் அது. அந்தப் பையனின் அப்பா இதைப் படித்தால், குஞ்சு சின்னதாக இருக்கும்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் நன்றாக இருக்கும், பையனுக்கும் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு