செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கோப்புக் கிடங்கும் அதன் விதிகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. மாதக் கூட்டங்களும் சந்தா வசூலும் வழக்கம்போல் நடந்தன; வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழுவின் நேரத்தைத் தின்றது ஒரே விஷயம்தான். வீடியோ கேம்களுக்கு ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்புகளையும் மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் நம் கோப்புக் கிடங்கை யாருக்குத் திறந்துவிடுவது, அதில் எதை வைப்பது, ஆக்கியவரே வந்து “எடுத்துவிடுங்கள்” என்றால் என்ன செய்வது?

பேச்சு கிளம்பியது 2024 ஆகஸ்டில். 2005 முதல் ரசிகர் மொழிபெயர்ப்புகளையும் மாற்றங்களையும் சேர்த்துவந்த ரோம்ஹேக்கிங் டாட் நெட் என்ற தளம், புதிய படைப்புகளை ஏற்பதை நிறுத்தி, இருப்பு முழுவதையும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றிவிட்டது. அதான் அங்கே பத்திரமாக இருக்கிறதே, நமக்கு எதற்குத் தனிக் கிடங்கு என்று பலர் கேட்டார்கள். அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவே இணையத் தாக்குதலில் முடங்கியது. சில நாள் கழித்துத் திரும்பியபோதும் முதலில் படிக்க மட்டுமே முடிந்தது, ஏற்ற முடியவில்லை. கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பழைய கணக்கும் இதையேதான் சொல்கிறது. கோப்பு பகிரும் தளமான மெகாஅப்லோட் 2012 ஜனவரியில் முடக்கப்பட்டது. அதே வகைத் தளமான ராபிட்ஷேர் 2015 மார்ச் 31-இல் கடையைக் கட்டியது. ரசிகர் பக்கங்களில் இருந்த லிங்குகள் பாதி இவற்றை நம்பித்தான் நின்றன. கேம் கோப்புகளை இறக்கித் தந்த ஃபைல்பிளானெட் (பணம் கட்டாதவர்களை வரிசையில் நிறுத்திவைத்த புண்ணியவான்கள்) 2012-இல் மூடப்போகிறது என்றதும் மூடப்படும் தளங்களை நகலெடுத்துக் காக்கும் ஆர்கைவ் டீம் தன்னார்வலர்கள் ஓடிப்போய் அள்ளவேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் டூம் என்ற கம்ப்யூட்டர் கேம். ஆட்டம் வந்தது 1993 டிசம்பர் 10. அதற்கு ரசிகர்கள் செய்த நிலைகள் (லெவல்கள்) ஐடிகேம்ஸ் என்ற எஃப்டிபி (பழைய கோப்புப் பரிமாற்ற முறை) கிடங்கில் சேர்ந்தன. கிடங்கு இருந்த சர்வர்கள் பலமுறை மாறின, கோப்புகள் போகவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, உள்நுழைவு கேட்காமல் முழுக் கிடங்கையும் யாரும் நகலெடுக்கலாம்; உலகம் முழுக்கப் பிரதிகள் நின்றன. இரண்டாவது, ஒவ்வொரு ஜிப்புக்குள்ளும் ஓர் உரைக்கோப்பு கட்டாயம். ஆக்கியவர் யார், எந்த எஞ்சின் (ஆட்டத்தை ஓட்டும் மென்பொருள்) வேண்டும், இதை அடித்தளமாக வைத்து வேறொருவர் மாற்றலாமா, உரைக்கோப்பைத் தொடாமல் மறுபடி பகிரலாமா என்று அதில் எழுதியிருக்கும். 1994-இல் ஒருவர் எழுதிய அந்த ஒரு வரி அனுமதியால்தான் இன்று நாம் யாரையும் தேடி அலையாமல் அந்தக் கோப்பை வைத்திருக்க முடிகிறது.

ஆகவே நம் கிடங்கிலும் அனுமதி வரி இல்லாத ஜிப் இனி ஏற்கப்படாது. ரீட்மி, அதாவது அந்த உரைக்கோப்பு, இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவோம். நாமே எழுதிச் சேர்ப்பது கிடையாது.

நீக்கல் பற்றிய தீர்மானம் சுலபமாக நிறைவேறவில்லை. மோட்களை (ரசிகர்கள் செய்யும் கேம் மாற்றங்கள்) பகிரும் தளமான நெக்ஸஸ் மோட்ஸ் 2021 ஜூலையில், ஏற்றிய கோப்பை இனி முற்றாக அழிக்க முடியாது, பார்வையிலிருந்து விலக்கி ஆவணமாக வைக்கத்தான் முடியும் என்று அறிவித்தது. பல மோட்களைத் தொகுப்பாக இறக்கும் வசதியில் ஒன்று காணாமல் போனாலும் தொகுப்பே உடையும் என்பது அவர்கள் வாதம். விரும்பாதவர்கள் ஆகஸ்ட் 5-க்குள் எல்லாவற்றையும் நீக்கக் கோரலாம் என்றார்கள். கோபத்தோடு வெளியேறியவர்கள் உண்டு. நம் செயற்குழு முடிவு செய்தது இது: ஏற்றிய 30 நாளுக்குள் கேட்டால் முழு நீக்கம்; பிறகு கேட்டால் பட்டியலிலிருந்து மட்டும் விலக்கு. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். நீக்கக் கேட்பவருக்குப் பல நேரம் கோப்பு பிரச்சினையில்லை, ரீட்மியில் இருக்கும் சொந்தப் பெயர்தான் பிரச்சினை. பெயரை மட்டும் எடுத்துத் தருவது எளிது. ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஜிப்பின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறிவிடும். பழைய ஹேஷ், புதிய ஹேஷ், மாற்றிய தேதி மூன்றையும் குறிப்பேட்டில் எழுதாவிட்டால் அடுத்த சரிபார்ப்பில் கோப்பு கெட்டுப்போனதாகவே காட்டும்.

முழு ரோம் (கேமின் முழு நகல் கோப்பு) எந்தக் காரணத்துக்காகவும் கிடங்கில் வராது, பேட்ச் (மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பு) மட்டுமே. இதில் உறுப்பினர்களின் புகார் பெரும்பாலும் “பேட்ச் போட்டேன், கறுப்புத் திரைதான் வருகிறது” என்பது. சூப்பர் நிண்டெண்டோ என்ற பழைய கேம் கருவியின் ரோம்களில் பழைய நகலெடுக்கும் கருவிகள் முன்னால் ஒட்டிய 512 பைட் தலைப்பே (ஹெடர்) வழக்கமான குற்றவாளி. 1 எம்பி ரோம் 10,48,576 பைட் இருக்கவேண்டும். 10,49,088 இருந்தால் தலைப்பு ஒட்டியிருக்கிறது. கோப்பின் அளவை 1,024-ஆல் வகுத்து மீதி 512 வந்தால் இதேதான். ஐபிஎஸ் என்ற பழைய வகைப் பேட்ச் இதைச் சோதிக்காது. ஒவ்வொரு மாற்றத்தையும் 512 பைட் தள்ளி எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லும். மாற்றம் கோப்பில் எந்த இடத்தில் என்று சொல்லும் அதன் முகவரி மூன்றே பைட் என்பதால் 16 எம்பிக்கு மேல் எட்டவும் எட்டாது. மதர் 3 ஆட்டம் 32 எம்பி, அதற்கு ஐபிஎஸ் போதாது. 2008 அக்டோபரில் அதன் ஆங்கில ரசிகர் மொழிபெயர்ப்பு யுபிஎஸ் என்ற வேறு பேட்ச் வகையில் வந்தது. பிபிஎஸ் என்ற இன்னொரு வகையில் மூலம், விளைவு, பேட்ச் மூன்றுக்கும் சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு எண் உள்ளேயே இருக்கிறது. தவறான ரோம் கொடுத்தால் முதலிலேயே மறுத்துவிடும். புதிய படைப்புகளை பிபிஎஸ்ஸில் கேட்கிறோம். பழைய ஐபிஎஸ்களை அப்படியே வைத்து, எந்த ரோமுக்கு, தலைப்போடா இல்லாமலா என்பதைப் பக்கத்தில் குறிக்கிறோம்.

உரிமைப் புகார் எழுத்தில் வந்தால் 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி 36 மணி நேரத்துக்குள் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கவேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். கடிகாரம் ஓடுவதால் சங்க அஞ்சலை ஒருவர் மட்டும் பார்ப்பது போதாது, இருவர் பார்க்கிறோம்.

நகல்கள் மூன்று: அலுவலக டிஸ்க், ஓர் உறுப்பினர் வீட்டு டிஸ்க், வாடகை சர்வர். ஜூன் மாதம் வீட்டு நகல் ஓர் இரவில் காலியானது. மின்வெட்டுக்குப் பின் மூல டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. நகலெடுக்கும் மென்பொருளான ஆர்சிங்க் வெறும் ஃபோல்டரைப் பார்த்தது. டெலிட் விருப்பம் போட்டிருந்ததால் ‘அங்கே இல்லை, இங்கேயும் வேண்டாம்’ என்று துடைத்துவிட்டது. சர்வர் நகல் வாரம் ஒருமுறைதான் ஓடும் என்பதால் தப்பித்தோம். இப்போது டெலிட்டோடு மேக்ஸ்-டெலிட் 50 (ஒரு தடவையில் 50-க்கு மேல் நீக்காதே) என்ற வரம்பும், நீக்கியவை போய்ச் சேர பேக்கப்-டிர் ஃபோல்டரும் இருக்கின்றன. மூல டிஸ்கின் மேல்மட்ட ஃபோல்டரில் ஓர் அடையாளக் கோப்பு வைத்திருக்கிறோம். அது கண்ணில் படாவிட்டால் வேலை தொடங்கவே தொடங்காது. மாதத்தின் முதல் ஞாயிறு எஸ்ஹெச்ஏ-256 வகை ஹேஷ் பட்டியலோடு மூன்று நகலையும் ஒப்பிடுகிறோம். இரண்டு ஒத்து ஒன்று மாறினால் மாறியதை மாற்றுகிறோம். மூன்றும் மூன்று விதமானால் யாரும் எதையும் தொடாமல் செயற்குழுவுக்குச் சொல்லவேண்டும்.

எஃப்டிபி வாசலையும் மூடிவிட்டோம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இலேயே அதைக் கைவிட்டதால் பிரவுசரில் லிங்கைத் தட்டியவர்களுக்குத் திறக்கவில்லை. பிரவுசருக்கு ஹெச்டிடிபிஎஸ்ஸும், முழு நகல் எடுப்பவர்களுக்கு ஆர்சிங்க்கும் உண்டு. உள்நுழைவு எதற்கும் வேண்டியதில்லை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு: 30 நாள் நீக்கல் விதி, அதில் பெயர்நீக்கத்தைத் தனிப்பிரிவாகச் சேர்க்கும் என் திருத்தம், வீட்டு நகலுக்கு ஒரு யுபிஎஸ் பெட்டி வாங்கும் செலவு. பேட்ச் வகை யுபிஎஸ் அல்ல, பேட்டரி.

இப்படிக்கு,
செயலாளர்