அப்பாவின் செருப்புக்கும் சேர்த்து நன்றி

சனிக்கிழமை சோனகத் தெருவில் அப்பா மயங்கி விழுந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வீடியோவைப் பாதி யாழ்ப்பாணம் பார்த்துவிட்டது. அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். இன்னும் பதற்றம் போகவில்லை, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு உலாவுக்குப் போன ஒருவர் வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்தார் என்றால் அது எங்கள் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும். காலையில் இன்சுலின் போட்டுவிட்டு, பெரியகடையில் எல்லோரும் வாழையிலையில் வடை சாப்பிட, இவர் மட்டும் "நான் கூழுக்கு இடம் வைக்கிறன்" என்று சீனி போடாத பிளேன்ரீயோடு நிறுத்திக்கொண்டார். கூழ் கடைசியில், குருநகரில். சந்தையில் வழிகாட்டித் தம்பி கொழும்பிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கைக் காட்ட, இவர் குறுக்கே புகுந்து, பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், கூழுக்கு ஒடியல் மாதான் என்று வகுப்பே எடுத்தார். சோனகத் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அப்போதே கவனித்திருக்க வேண்டும். பழைய நினைவு என்று விட்டுவிட்டேன்.

ஏனென்றால் அப்பா அந்தத் தெருவுக்கு வந்தே முப்பது வருடத்துக்கு மேல். இளவயதில் சைக்கிளில் வந்து வட்டிலப்பம் சாப்பிட்ட கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொல்லி அங்கிருந்த முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள், அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. சனம் திரும்பி வந்த பிறகும் வரவில்லை. கேட்டால், "என்ன முகத்தோட போறது" என்பார். இந்த உலாவுக்கு நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப் போனேன்.

அவர் விழுந்ததும் யாரோ "1990, 1990" என்று கத்தினார்கள். அம்புலன்ஸ் இலக்கம்தான், தெரியும். ஆனால் அந்தத் தெருவில் நின்று அந்த எண்ணைக் கேட்க எனக்கு ஒரு கணம் வேறு மாதிரி இருந்தது.

எதிர்க்கடை நானாவை, அந்த முஸ்லிம் அண்ணையைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதலில் சர்பத்தோடு ஓடி வந்தவர் அவர். அப்பா கண்ணைத் திறந்து, நாலு வாய் குடித்து, முதலில் கேட்டது என்னை அல்ல, "என்ர செருப்பு எங்க?" என்றுதான். ஒற்றைச் செருப்பு தெருவோரக் கானுக்குள் போயிருந்தது. அந்த நேரத்தில் யார் செருப்பைப் பார்ப்பது? அம்புலன்சில் ஏற்றி வெறுங்காலோடு கொண்டுபோனோம்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் வார்ட் வாசலில் நானா நிற்கிறார், கையில் பேப்பரில் சுற்றிய பொதி. கானுக்குள் கையை விட்டு எடுத்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்து, மற்றச் செருப்பையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். கடையை மூடிவிட்டு. பெயர்கூடத் தெரியாமல், வார்ட் வார்டாக "சோனகத் தெருவில விழுந்த ஐயா" என்று கேட்டுக் கேட்டு வந்தாராம்.

"ஒற்றைச் செருப்போட வீட்டுக்குப் போகக்கூடாது தங்கச்சி" என்றார். வெளியேறியபோது அவருக்குப் பதினாலு வயது, புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்று வழிகாட்டித் தம்பி உலாவில் சொல்லியிருந்தார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அப்பா செருப்பைக் கையில் வாங்கித் தைத்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நானாவும் அதைக் கண்டும் காணாதவர்போல, "வட்டிலப்பம் கொண்டுவரேல்லை, டொக்டர் எனக்கு ஏசுவார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். செருப்புத் தைத்த காசை வாங்கவேயில்லை.

மற்றவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போதனா வைத்தியசாலைத் தாதிமார், அம்புலன்ஸ் பிள்ளைகள், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கொழும்புப் பிள்ளைகள், உலாவை நிறுத்திவிட்டு இரவுவரை எங்களோடு இருந்த வழிகாட்டித் தம்பி, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்று போன ஓட்டோ அண்ணை, உங்கள் எல்லோருக்கும் நன்றி. வீடியோ எடுத்த தம்பி, உங்களையும் நினைவில் வைத்திருக்கிறோம். அடுத்த முறை போனைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டுத் தலையைப் பிடியுங்கள்.

நாங்கள் திரும்பப் போவோம். இந்த முறை வீட்டிலேயே இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் அப்பா வாசல் தாண்டுவார், அம்மா கதவில் நிற்பார். முதலில் நானாவின் கடை.

குருநகர் அக்கா, நீங்கள் ஞாயிறு கொடுத்துவிட்ட கூழ் வந்து சேர்ந்தது. நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் போட்டு, மேலே மடித்த பலா இலையும் வைத்து அனுப்பியிருந்தீர்கள். அப்பாவுக்கு டொக்டர் கேட்டு அரைக் கோப்பை, மிச்சம் எங்களுக்கு. உங்கள் அடுக்குப் பாத்திரம் எங்களிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருக்கிறார், நாளைக்குக் கொண்டுவருகிறேன்.