எழுத்தில் இரட்டை, வாயில் ஒற்றை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒற்றுப்பிழைகள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இரண்டு முறை வருவதையும் தமிழில் மெய் இரட்டிப்பதையும் கட்டுரையாளர் ஒரே தராசில் வைத்துவிட்டார். அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

ஆங்கிலத்தில் 'நம்புவது' என்ற பொருளில் வரும் ஹோப்பிங் என்ற சொல்லுக்கு ஒரு 'பி'. துள்ளிக் குதிக்கும் ஹாப்பிங்குக்கு இரண்டு 'பி'. உச்சரிப்பில் இரண்டிலும் உதடு மூடித் திறப்பது ஒரே மாதிரிதான். மாறுவது முன்னால் உள்ள உயிரொலி. அந்த உயிர் குறுகியது என்று காட்டவே இரண்டாவது 'பி' அங்கே நிற்கிறது. (தமிழில் எழுதும்போது இரண்டுக்குமே 'ப்பி' போட வேண்டியிருக்கிறது என்பது தனி வேடிக்கை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) உண்மையான இரட்டிப்பு ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை. 'புக்' என்பதும் 'கேஸ்' என்பதும் சேர்ந்து புத்தக அலமாரி ஆகும்போது ககரம் நீள்கிறது. ஆனால் இரண்டு சொற்களோ சொல்லுறுப்புகளோ கூடும் இடத்தில் மட்டுமே அது நிகழும்.

இரட்டித்தல் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். 'அப்பா' என்று சொல்லும்போது உதடு இரண்டு முறை மூடுவதில்லை. ஒருமுறை மூடி, சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு திறக்கிறது. ஒலியியலார் பல மொழிகளில் அளந்து பார்த்ததில் இரட்டித்த மெய் ஒற்றை மெய்யைப் போல் ஏறக்குறைய 1.5 முதல் 3 மடங்கு நேரம் நீள்கிறது. அந்த இம்மி நேரத்தில்தான் பொருள் மாறுகிறது. இத்தாலியில் 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. ஃபின்லாந்து மொழியில் 'யார்' என்ற சொல்லையும் 'பூ' என்ற சொல்லையும் பிரிப்பது ககரத்தின் நீளம் ஒன்றே. எஸ்தோனிய மொழி இன்னும் ஒரு படி மேலே போய் மூன்று அளவு வைத்திருக்கிறது. அங்கே 'நகரத்தின்', 'நகரத்துக்குள்' என்ற இரண்டையும் 'லின்னா' என்று ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். பின்னதைக் கூடுதலாக நீட்டிச் சொல்வார்கள்.

தமிழுக்கு வருவோம். கனி–கன்னி, புளி–புள்ளி, கொலை–கொல்லை: மெல்லினத்திலும் இடையினத்திலும் வேறுபாடு நீளம் மட்டுமே; இத்தாலியரின் தாத்தாவைப் போல. வல்லினத்தில் கதை வேறு. 'மகள்' என்பதில் ககரம் மெலிந்து ஒலிக்கிறது, 'மக்கள்' என்பதில் அழுத்தமாக ஒலிக்கிறது. பசை–பச்சையில் ஒலியே வேறாகிவிடுகிறது. ஆக நம் காதுக்கு நீளம், வன்மை என இரண்டு அடையாளங்கள் கிடைக்கின்றன. ஜப்பானியருக்கு நீளம் ஒன்றே துணை. 'சகா' என்று அவர்கள் சொன்னால் சரிவான பாதை, 'சக்கா' என்றால் எழுத்தாளர். இரண்டிலும் ககரம் வன்மையானதே. இதைத் தமிழில் எப்படி எழுதுவது? 'சகா' என்று எழுதினால் நாம் தோழனாக்கி விடுவோம். வன்மையைக் காப்பாற்ற நடுவில் 'க்' போட்டால் எழுத்தாளர் வந்துவிடுவார். குறுகியும் வல்லென்றும் ஒலிக்கும் மெய்க்குச் சொல்லின் நடுவே, இரண்டு உயிர்களுக்கு இடையில், நம் எழுத்தில் இடமில்லை. ஹொக்கைடோ, சப்போரோ இரண்டும் மூலத்திலேயே இரட்டிப்பதால் நம் எழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. ஒசாகாதான் பாவம், மெலிந்துபோனது. ஹோப்பிங்கும் டிக்கெட்டும் நம்மிடம் ஒற்றோடு வருவதற்குக் காரணம் இதுவே. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் போட்டதல்ல அந்த ஒற்று.

கட்டுரையில் இடம்பெறாத ஒன்று எனக்கு இதைவிடச் சுவையானது. அரபியில் 'தரச' என்றால் படித்தான்; நடு மெய் இரட்டித்து 'தர்ரச' என்றானால் கற்பித்தான், அதாவது படிக்க வைத்தான். நம்மிடம் உருகு–உருக்கு, பெருகு–பெருக்கு, ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு என்று தன்வினை பிறவினையாவது இதற்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது! உடனே யாரும் அரபிக்கும் தமிழுக்கும் உறவுமுறை கற்பித்துக் கடிதம் எழுத வேண்டாம். இரண்டும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள். இது தனித்தனியே விளைந்தது. இன்னொன்று, அரபியர் ரகரத்தை இரட்டிக்கிறார்கள், நாம் இரட்டிப்பதில்லை. நம் 18 மெய்களில் ர, ழ இரண்டு மட்டும் தம்மோடு தாம் மயங்குவதில்லை. ஒரு மெய் தன்னோடு தானே சேர்ந்து இரட்டிப்பதைத்தான் இலக்கணத்தில் உடனிலை மெய்ம்மயக்கம் என்று படித்தோம்.

ஒற்றெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதிலும் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. 5-7-5 என்று எண்ணும் ஹைக்கூவில் 'சக்கா' மூன்று அலகு. இடையில் உள்ள ஒற்றுக்கும் முழு அலகு கிடைக்கும். நம் யாப்பில் ஒற்று தனியாக அலகு பெறாது. ஆனாலும் சும்மா இருப்பதில்லை: 'மகள்' ஒரே நிரையசை, 'மக்கள்' நேர் நேர் என்று பிரிந்து தேமாவாகிவிடுகிறது.

எனவே ஒற்றுப்பிழையை எழுத்துப் பிழையாக மட்டும் பார்க்காமல் ஒலிப் பிழையாகவும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுரை வந்த அதே இதழில் 'கைமாறு கருதாத நன்கொடை' என்று ஒரு தலைப்பு அச்சாகியிருந்தது. பதில் உதவியைக் குறிப்பது கைம்மாறு. கைமாறுவது என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்விடுவது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்று தேடி அந்தச் செய்தியைக் கடைசி வரி வரை படித்தேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்