கீழே இறங்கி வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

ஹூஸ்டன் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கம்யூனிட்டி காலேஜ் வகுப்புகளுக்குத் தயாரா என்று பார்க்கிற டெக்சஸ் மாநிலத்தின் டிஎஸ்ஐ தேர்வில் கணக்குப் பகுதியைத் தாண்டிவிட்டேன். ஆகஸ்டில் நர்சிங்குக்கான முதல் வகுப்புகள் தொடங்குகின்றன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

என் கணக்கின் லட்சணம் தெரிந்தால்தான் உங்கள் பொறுமையின் அளவு தெரியும். ஊரில் பத்தாம் வகுப்பில் எங்களைப் போன்றவர்களுக்குச் சொன்ன உபாயம் ஒன்றுதான்: வரைபடமும் செய்முறை வடிவியலும் போட்டுப் பழகு, ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் பண்ணு, பாஸாகிவிடலாம். பாஸும் ஆனேன். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். அதன்பிறகு கல்யாணம், குழந்தைகள், டெக்சஸ். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் கை நின்றுவிடும்.

முதல் தடவை எழுதியபோது 950 வரவில்லை. கணக்கில் 910 முதல் 990 வரைதான் மதிப்பெண்; 950 எடுத்தால் கல்லூரிக் கணக்குக்குத் தயார் என்று அர்த்தம். முதலில் 20 கேள்வி, அதில் குறைந்தால் எங்கே ஓட்டை என்று பார்க்க உடனே இன்னும் 48. தேர்வு மையத்தில் இருந்த அம்மா, "கடிகாரம் பார்க்காதே, இதற்கு நேரக்கெடு கிடையாது" என்று சொல்லி, கூடுதலாக வெற்றுத்தாளும் கொடுத்தார். அவர் பெயர்கூடத் தெரியாது. அந்த 48 கேள்வியின் அறிக்கைதான் பிறகு எனக்குப் பாடத்திட்டமானது.

அதைக் கையில் வாங்கிப் பார்த்த முதல் ஆள், மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்த திருச்சி மாமா. பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்ஜீப்ரா புத்தகத்தோடு போனேன்; மூடி வைக்கச் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளைப் பலகையில், எக்ஸில் பாதியும் எக்ஸில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 10 என்று எழுதி, "எக்ஸ் எவ்வளவும்மா?" என்றார். நான் முழித்தேன். "இதுல நிக்கிறவங்க எக்ஸுக்குப் பயந்து நிக்கல, பின்னத்துல நிக்கிறாங்க. ரெண்டுக்கும் மூணுக்கும் பொதுவா எது? ஆறு. ரெண்டு பக்கமும் ஆறால பெருக்கு." மூன்று எக்ஸ், இரண்டு எக்ஸ், ஆக ஐந்து எக்ஸ், 60. எக்ஸ் 12. ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினேன் என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பார். சொல்ல வராவிட்டால் அழித்துவிடுவார். பின்னமும் குறை எண்களும் தண்ணீர்பட்ட பாடு ஆகும்வரை அடுத்த பாடம் கிடையாது. கோபம் வந்ததுண்டு, மாமா. ஆனால் மறுநாளும் வந்தேன், அத்தை போட்ட காபிக்காகவும்தான்.

அவருக்கே கைகொடுக்காத இடத்தில் அவர் பேத்தி வந்தாள். ஏழாவது படிக்கிற பிள்ளை. 12 ÷ 2 × 3 என்று ஒரு கணக்கு. எதை முதலில் செய்வது என்ற வரிசைக்கு நமக்கு போட்மாஸ், இங்கே பெம்டாஸ், அதில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் வருகிறது. நான் 18 என்றேன், பிறகு 2 தானோ என்று குழம்பினேன். "ஆன்ட்டி, ரெண்டுக்கும் ஒரே ரேங்க். இடது பக்கம் எது முதல்ல வருதோ அதைப் பண்ணுங்க" என்றாள். 18 தான். ஒரு கேலனுக்கு 128 அவுன்ஸ், ஒரு மைலுக்கு 5,280 அடி என்று என் மண்டையில் ஏற்றியதும் அவள்தான். மீட்டரில் வளர்ந்தவளுக்கு இது தனித் தொல்லை!

தமிழ்ப் பள்ளி வராந்தாவில் பேச்சுவாக்கில் விசாரித்த அக்காவுக்குத் தனி நன்றி. "உன் படிப்புக்கு எந்தக் கணக்கு வேணும்னு அட்வைசர்கிட்ட கேட்டியா?" என்றார். கேட்டேன். நான் சேரும் நர்சிங்குக்கு மேத் 1342, அதாவது புள்ளியியல் போதும். காலேஜ் அல்ஜீப்ராவான 1314 தேவையில்லை. அட்வைசர் இன்னொன்றும் சொன்னார்: டெக்சஸின் 2017 சட்டத்துக்குப் பிறகு, 950 வராதவர்களையும் கிரெடிட் உள்ள, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் வகுப்பிலேயே சேர்த்து, அதே செமஸ்டரில் துணை வகுப்பும் வைக்கிறார்கள். பாதி பயம் அன்றே போயிற்று. இதை எல்லோருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும்; யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பிடிஎஃப்பாக அனுப்பிய தோழிக்கும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும், கான் அகாடமி வீடியோக்களை ஒழுங்காக அடுக்கித் தந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி.

மாமா திருச்சிக்குத் திரும்பிவிட்டார். வெள்ளைப் பலகை என்னிடம் இருக்கிறது. டிஎஸ்ஐ எழுதப் போகிறவர்கள் சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி வராந்தாவுக்கு வாருங்கள். பின்னத்திலிருந்து ஆரம்பிப்போம்.

அன்புடன்,
மேத் 1342 மாணவி