மொட்டை மாடி லங்கேஷ் கூட்டத்துக்கு கை கொடுத்தவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு, இப்பதான் உக்காந்து நன்றி எழுத முடியுது, லேட்டுக்கு மன்னிச்சுக்கோங்க. பெங்களூர்ல இத்தனை வருஷம் இருக்கோம், கன்னட எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர், சினிமாவும் எடுத்த பி. லங்கேஷ் பத்தி ஒரு நாள் பேசுவோமேன்னு வாட்ஸப்ல சும்மா ஒரு மெசேஜ் போட்டேன், பத்து பேர் வந்தா பெருசுன்னு நினைச்சேன், நாப்பது பேர் வந்து நாற்காலி பத்தாம தண்ணி டேங்க் மேலெல்லாம் ஏறி உக்காந்தீங்க.

முதல் நன்றி எங்க தெரு ரிட்டயர்டு மேஷ்ட்ருக்கு, கன்னடத்துல வாத்தியாரை அப்படித்தான் சொல்வாங்க. லங்கேஷையும் அவரு ஆபீஸ்ல மேஷ்ட்ருன்னுதான் கூப்பிடுவாங்களாம், இங்கிலீஷ் லெக்சரரா இருந்து வேலைய விட்டு வந்தவரு இல்லையா. நம்ம மேஷ்ட்ரு பரண்ல சாக்குல கட்டி வச்சிருந்த லங்கேஷ் நடத்தின 'லங்கேஷ் பத்ரிகே'யோட பழைய இதழ் கட்டை "யார் கையிலயும் குடுக்க மாட்டேன், நானே கொண்டு வரேன்"னு ஆட்டோல மடியிலயே வச்சுட்டு வந்தாரு. பழுப்பேறி, ஓரமெல்லாம் செல்லரிச்சு, தொட்டா பொடி கையில ஒட்டுது. அதை புரட்டின ஒரு காலேஜ் பொண்ணு கடைசி வரைக்கும் புரட்டிட்டு "அங்கிள், இதுல ஒரு விளம்பரம் கூட இல்லையே"ன்னுச்சு பாருங்க, நான் அரை மணி நேரம் பேச வச்சிருந்தது அதுலயே முடிஞ்சு போச்சு. 1980ல ஆரம்பிச்ச வாரப் பத்திரிகை, விளம்பரமே வாங்க மாட்டேன்னு வாசகன் குடுக்கற காசுலயே ஓட்டினாரு மனுஷன், அதனாலதான் குண்டுராவ் கர்நாடகா முதலமைச்சரா இருந்தப்பவே அவரை வாராவாரம் பட்டப்பேர் வச்சு கிழிக்க முடிஞ்சுது.

ப்ரொஜெக்டர் குடுத்த தம்பிக்கும் நன்றி, நடுவுல கரண்ட் போனதுக்கு நீ என்ன பண்ணுவ. 'சம்ஸ்காரா'ங்கற கன்னடப் படத்துல (1970) காட்சி ரெண்டு போட்டதே போதும், செத்த பிறகு யார் கொள்ளி வைக்கறதுன்னு அக்ரஹாரமே முழிக்குமே, அந்த நாராணப்பா நம்ம லங்கேஷ்தான்னு பாதி பேருக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது. அந்தப் படத்துக்கு முதல்ல தடை போட்டது மெட்ராஸ் சென்சார் போர்டு, இதை நம்ம ஆளுங்க முன்னாடி சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் அவரே எடுத்த முதல் படம் 'பல்லவி' (1976), சிறந்த டைரக்டர் தேசிய விருது அதுக்குதான். அதுக்கு இளையராஜா மியூசிக்தானேன்னு கேட்ட அண்ணனுக்கு ஸ்பெஷல் நன்றி, அது மணிரத்னம் படம்ணே, 'பல்லவி அனுபல்லவி', ஏழு வருஷம் கழிச்சு வந்தது, ஆனா நீங்க கேட்டதுலதான் கூட்டமே கலகலன்னு ஆச்சு.

லைப்ரரி அக்கா, நீங்க பேசினதை நான் திரும்ப திரும்ப நினைச்சுட்டு இருக்கேன். கன்னட எழுத்தாளர் சாரா அபூபக்கரோட 'சந்திரகிரிய தீரதல்லி' நாவல் தொடரா வந்தது இந்தப் பத்திரிகையிலதான், 2025ல இன்டர்நேஷனல் புக்கர் பரிசு வாங்கின கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் இதுலதான் ரிப்போர்ட்டரா இருந்தாங்க. அரசியல்வாதிய கிழிக்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா வீட்டுக்குள்ள இருந்து எழுதின முஸ்லிம் பொண்ணுங்களுக்கு அந்தக் காலத்துல பக்கத்தை திறந்து விட்டாரே, என்னைக் கேட்டா அவரு சினிமாவை விட இது பெருசு.

லங்கேஷோட மக கௌரி பத்தி பேச வேண்டாம், அழுதுடுவேன்னு சொல்லிட்டு பேசின கீழ்வீட்டு அஜ்ஜிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 2000ல அப்பா போனதும் அவரோட ஆசிரியர் நாற்காலியில உக்காந்த பொண்ணு, 2017 செப்டம்பர் 5 ராத்திரி சொந்த வீட்டு வாசல்லயே சுட்டுட்டாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாருமே வாய திறக்கல.

மேஷ்ட்ரே, ஒரு மன்னிப்பும் கேக்கணும். டீ டம்ளர் சாஞ்சு ஒரு இதழ் நனைஞ்சது என்னாலதான், வேற யாரும் இல்ல. ஃபேன்ல காய வச்சு எடுத்து வச்சிருக்கேன், சனிக்கிழமை சாயங்காலம் கட்டோட கொண்டு வந்து தரேன். நீங்க கோவப்படுவீங்கன்னு பயந்தா, அதே பக்கத்துல ஏற்கனவே இருந்த ஒரு பழைய கறைய காட்டி சிரிச்சீங்க. 83 கர்நாடகா தேர்தல்ல காங்கிரஸ் தோத்து ஹெக்டே முதலமைச்சரா வந்தாரே, அந்த ரிசல்ட் கேட்டு குதிச்சப்ப நீங்களே ஊத்தின காபியாம்.