செயலரின் ஆண்டறிக்கை: வேதபாட நூலாக்கச் சங்கம்

கனம் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அன்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் இன்னோர் ஆண்டைக் கடந்திருக்கிறோம். செயற்குழு 6 முறை கூடியது. அதில் 2 முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் ஜெபித்துவிட்டுக் கலைந்தோம். மிஷனெரி ஞாயிறு வழக்கம்போல் அனுசரிக்கப்பட்டது. சிறுவர் வேத வினாடிவினா நடந்தது, பரிசுகளும் வழங்கப்பட்டன. உபவாச ஜெபம் ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது.

இனி வேதபாடக் கையேடு. "இன்னுமா முடியல?" என்று வாசலில் நிறுத்திக் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அயல்நாடுகளில் ஊழியம் செய்து திரும்பிய மூன்று மிஷனெரிகளின் அனுபவத்தைக் கொண்டு 24 பாடங்கள் எழுதுவது என்று தீர்மானித்தோம். ஆறு மாதத்தில் முடியும் என்று சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை. 15 மாதம் ஆகிவிட்டது. 17 பாடங்கள் தேறியிருக்கின்றன.

முதல் வரைவை நமக்குப் பழகிய முறையில்தான் எழுதினேன்: ஒரு வசனம், விளக்கம், கோடிட்ட இடம். மூவரில் மூத்தவரான அக்கா அதைப் படித்துவிட்டு, "இதுல கேள்வி எங்க தம்பி? மேல் வரியில விடைய எழுதிட்டு, கீழ் வரியில ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க" என்றார். பிறகு தம் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் உதவும் நல்ல சமாரியன் பகுதிக்கு அவர் எழுதிய கேள்வி அதில் நான்கு முறை அடிக்கப்பட்டிருந்தது. "காயம்பட்டவனுக்கு அயலான் யார்?" என்று கேட்டபோது, அவர் ஊழியம் செய்த தீவு மக்கள், "அவன் சொந்தக்காரங்க எங்க போனாங்க? ஏன் யாரும் தேடி வரல?" என்று திருப்பிக் கேட்டார்களாம். ஐந்தாவதாக எழுதி அடிக்காமல் விட்டிருந்த கேள்வி: "அந்த வழியாக உன் ஊர்க்காரன் போயிருந்தால் என்ன செய்திருப்பான்?" அன்றிரவே என் வரைவைக் கிழித்தேன். தாமதம் அங்கே தொடங்கியது.

அடுத்து, பாட வரிசை. யோவான் சுவிசேஷத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் வலியுறுத்தினார். நான், வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் என்றேன். பிலிப்பைன்சின் பலவான் தீவில் ஊழியம் செய்த டிரெவர் மெக்கில்வெயின், விசுவாசிகள் என்று எண்ணப்பட்டவர்களே கிருபையையும் (தேவன் இலவசமாகத் தருவது) கிரியையையும் (மனிதன் செய்வது) குழப்பிக்கொண்டிருப்பதைக் கண்டு, சிருஷ்டிப்பிலிருந்து வரிசையாகப் போதிக்கத் தொடங்கினார். நியூ கினியில் சாவி இனத்தாரிடையே இருந்த டான் ரிச்சர்ட்சன் சுவிசேஷக் கதையைச் சொன்னபோது, நட்புக் காட்டி ஏமாற்றுவதைச் சாமர்த்தியமாகக் கருதிய அவர்களுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்தான் வீரனாகத் தெரிந்தான். தொடக்கத்தை விட்டு நேரே சுவிசேஷத்துக்குப் போனால் இப்படியும் ஆகலாம் என்று நான் சொன்னபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆதியாகமத்தில் தொடங்கும் தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த வாக்கு என்னுடையது என்று பேசிக்கொள்கிறார்கள். என்னுடையதுதான்.

பாடங்களைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்ததற்கும் குறை சொல்லப்பட்டது. குவாத்தமாலாவில் 1963-ல், ஊரையும் வேலையையும் விட்டு இறையியல் கல்லூரிக்கு வர முடியாத சபைத் தலைவர்களைத் தேடிக் கல்லூரியே போனது. வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்கமாட்டார். அதனால் கொஞ்சம் பாடம், உடனே ஒரு கேள்வி, சரிபார்க்க விடை என்ற முறையில் பாடநூல்கள் எழுதினார்கள். நம் பாடத்தைப் படிப்பவர்களும் வேலை முடிந்து அரைத் தூக்கத்தில் படிப்பவர்கள்தாம்.

"வெளிநாட்டுச் சரக்கு நமக்கு எதற்கு?" என்றும் கேட்டார்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையாக அச்சேறியது. வந்தவர் கற்றுக்கொண்டு எழுதினால் அது நம்முடையதாகிறது. அவர் 'சர்வேசுரன்' என்றார், பின்வந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார், அதற்கும் பின்னால் 'தேவன்' நிலைத்தது. கையேட்டில் தேவனா கடவுளா என்று நமக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. தேவன் என்றே விட்டிருக்கிறோம்.

திருத்தக் குழுவில் 11 பேர். மெய்ப்புப் பார்க்கும் அமர்வுகளுக்கு வந்தது நான், பொருளாளர், தட்டச்சு செய்த தம்பி ஆகிய மூவர்தான். ஆண்டு முழுவதும் தலைகாட்டாத ஓர் அன்பர், 7-ஆம் பாடத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருப்பதாக நள்ளிரவில் செய்தி அனுப்பினார். அவருக்கு நன்றி. ஐந்து இருந்தன.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கையேட்டு வகையில் மட்டும் செலவு சற்று மிஞ்சியிருக்கிறது. அச்சகத்துக்கான முன்பணம் பொது நிதியிலிருந்து எடுக்கப்பட்டது உண்மை. அதற்கான ஒப்புதல் கோரம் இருந்த கூட்டத்தில்தான் பெறப்பட்டது. விவரம் வேண்டுவோர் பொருளாளரைப் பார்க்கலாம். உறுப்பினர் 64 பேரில் சந்தா செலுத்தியவர்கள் 23 பேர். பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

ஜெபத்தாலும் ஆலோசனையாலும் தாங்கிய ஆயர் அவர்களுக்கும், இடம் தந்த சபையாருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு 7 பாடங்கள் மீதி. மூன்று மிஷனெரிகளும் முதியவர்கள். அக்காவுக்கு இப்போது சொந்தக் கையெழுத்தே சரியாகத் தெரிவதில்லை. நோட்டில் இல்லாதது அவர் நினைவில் நிறைய இருக்கிறது. அதைக் கேட்டு எழுத வாரம் ஒரு மாலை யாராவது போக வேண்டும். செயலர் பதவியை நான் விடமாட்டேன் என்கிறார்களாம். எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு வேட்புமனுகூட எதிராக வரவில்லை, இன்றும் மாலை 5 மணிவரை காத்திருக்கிறேன்.

ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. 24-ஆம் தாளிலிருந்து காலியாக இருக்கிறது. பேனா பக்கத்திலேயே கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலர்