புள்ளிக்கு ஒரு கூழாங்கல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு நான் முழுமையாகப் படித்த முதல் கடிதம் அதுதான். உன் பேத்தி அகரம் முதல் ஆய்தம் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள் என்றும், நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அதன் பெயரைச் சொல்கிறாள் என்றும் வருந்தி எழுதியிருந்தாய். வருந்த வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு பாட்டுத் தெரிந்திருக்கிறது, எழுத்து இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். நாலரை வயதில் இது குறையே அன்று.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. மாலைதோறும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் என்னிடம் வருகிறார்கள். பெரிய வகுப்புகளுக்கே காலமெல்லாம் இலக்கணம் நடத்திய எனக்கு, எழுத்து என்பது எத்தனை விசித்திரமான பொருள் என்பது இந்த ஆறு பேரிடம்தான் விளங்கியது.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஞகரத்தைப் பார்த்தால் மூட்டை சுமந்து குனிந்து நடக்கும் முதியவர் ஒருவர் எனக்குத் தோன்றுவார். அவர் மழையில் வழிதவறியது, மூட்டை நனைந்தது, உள்ளிருந்து பூனைக்குட்டி எட்டிப் பார்த்தது என்று ஒரு கதையை நீட்டி முழக்கினேன். மறுநாள் அட்டையைக் காட்டினால் ஆறு பேரும் ஒரே குரலில் ‘தாத்தா!’ என்றார்கள். இதன் ஒலி என்ன என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. ஒருத்தி மட்டும் பூனைக்குட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். கதை எழுத்தின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு ஒலியைக் கைவிட்டுவிட்டது. அன்றிலிருந்து, கதைக்குள்ளே அந்த எழுத்தின் ஒலி ஒரு வேலை செய்யாவிட்டால் அந்தக் கதையைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இது புதிய எண்ணமும் அன்று. கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் வெளியிட்ட படப் பாடநூலின் தொடக்கத்திலேயே, காகம் கரைவதையும் ஆட்டுக்குட்டி கத்துவதையும் காற்று வீசுவதையும் காட்டி, அந்தந்த ஒலிக்கு உரிய எழுத்தைப் பக்கத்தில் வைத்திருந்தார். நம் உயிரெழுத்துகள் இதற்கென்றே பிறந்தவைபோல இருக்கின்றன. வாய் பிளந்து வியந்தால் ஆ, காதருகே பறந்தால் ஈ, தொலைவில் நிற்பவரைக் கூப்பிட்டால் ஓ. கதையில் அந்த இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொண்டு அட்டையை மட்டும் உயர்த்துவேன், ஒலியைப் பிள்ளைகள் தருவார்கள். பூனைக்குட்டி கிணற்றடியில் நிற்கும் சிறுமியைக் கூப்பிடும் இடத்தில் ஓகார அட்டையைத் தூக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மெய்யெழுத்துகளில்தான் சிக்கல். சுவரில் மாட்டும் அட்டைகள் எல்லாமே சொல்லின் முதலெழுத்தை நம்பியிருக்கின்றன. தமிழில் ண, ள, ழ, ற, ன முதலியவை சொல்லுக்கு முதலில் வருவதே இல்லை. ஆகவே அந்தக் கட்டத்தில் கண்ணையோ பழத்தையோ வரைந்துவிடுகிறார்கள். பிள்ளை பழத்தைப் பார்த்துப் பகரம் என்று நினைத்தால் அது பிள்ளையின் பிழையா? இந்த எழுத்துகளுக்குப் படத்தைவிடக் காதுதான் உதவும். நான் சொற்களைச் சொல்லிக்கொண்டே போவேன்; ழகரம் காதில் விழுந்தால் குதிக்க வேண்டும். மழை, வாழை, குழல் என்று குதிப்பவர்களை இடையில் ‘வாளை’ என்று சொல்லி ஏமாற்றினால் யாருடைய காது கூர்மை என்பது தெரிந்துவிடும்.

எழுத்தின் பெயரைச் சொல்லிப் படிக்கவைப்பதையும் சிறிது காலம் ஒத்திப்போடு. இங்கே வரும் சிறுவன் ஒருவன் ‘படம்’ என்ற சொல்லைப் ‘பானா, டானா, இம்’ என்று பிழையின்றிப் படித்துவிட்டு, என்ன சொல் என்று கேட்டால் தெரியாது என்று தலையசைத்தான். நான் ட, ப, ம ஆகிய மூன்றிலிருந்துதான் தொடங்குகிறேன். வரைய எளியவை என்பது ஒரு காரணம். இம்மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்கள் கிடைத்துவிடுகின்றன என்பதே பெரிய காரணம். 247 என்ற எண்ணை அவள் காதில் போடாதே. அதில் 216 உயிர்மெய்கள். 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து பெற்ற பிள்ளைகள் அவை.

உயிர், மெய் என்று பெயர் வைத்தவர்கள் கதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நான் ஒரு கூழாங்கல்லால் நடத்துகிறேன். பலகையில் பகரத்தைப் பெரிதாக எழுதி அதன் தலையில் கூழாங்கல்லை வைத்தால் எழுத்து உறங்குகிறது; உதடுகள் ஒட்டிக்கொள்ள வேண்டும், குரல் வரக்கூடாது. கல்லை எடுத்தவுடன் அகரம் உள்ளே நுழைந்து எழுத்து விழித்துக்கொள்ளும், உதடுகள் திறந்து ‘ப’ என்று வெடிக்கும். கல்லை வைப்பதும் எடுப்பதும் ஒரு பிள்ளை, ஒலிப்பது மற்றவர்கள். ‘பட்டம்’ என்று எழுதி இரண்டு கற்களைக் கொடுத்து, எங்கெங்கே வைக்க வேண்டும் என்று கேட்டபோது, அந்தப் பானா டானாச் சிறுவன் நாக்கை வெளியே துருத்திக்கொண்டு நெடுநேரம் யோசித்து முதல் டகரத்திலும் மகரத்திலும் வைத்தான். அதன்பின் அவனே சொல்லையும் வாய்விட்டுப் படித்தான்.

குறில், நெடிலுக்கு விரல் சொடுக்கு. கண்ணிமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்வதை மனப்பாடமாக எத்தனை மாணவர்களுக்கு ஒப்பித்திருப்பேன்! அது ஒரு விளையாட்டின் விதி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்கு இரண்டு. கல், கால், படம், பாடம், மலை, மாலை. சொடுக்கத் தெரியாத சிறியவர்கள் கண்ணை இமைக்கிறார்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கொம்பு பற்றி எச்சரிக்க வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் நின்றாலும் ககரத்துக்குப் பிறகே ஒலிக்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு இது அநியாயம். என் பிள்ளைகளோ அதற்கு ‘முந்திரிக்கொட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரிசையில் முந்தி வந்து நின்றாலும் அதன் முறை வரும்வரை பேசக்கூடாது என்பது சட்டம். உகர வரிசைக்கு எனக்கு இன்னும் நல்ல கதை அகப்படவில்லை. கு, மு, ரு ஆகியவை வளைந்து சுற்றுகின்றன, சு, பு, வு ஆகியவை கோடாக இறங்குகின்றன, து, நு, லு ஆகியவை அடியில் வளைந்து வலப்பக்கம் மேலேறுகின்றன. வால் வகையைக்கொண்டு மூன்று குடும்பங்களாகப் பிரித்து வைத்திருக்கிறேன்; உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

பென்சிலுக்கு அவசரப்படாதே. 1907இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். நான் விரலைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதச் சொல்கிறேன். எழுத்து உலர்ந்து மறைவதற்குள் அதன் ஒலியைச் சொல்லிவிட வேண்டும். தப்பாக எழுதினாலும் அழிக்க வேண்டியதில்லை, வெயில் அழித்துவிடும். ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதவைத்து நான் தண்டித்த பழைய மாணவர்களை நினைத்தால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. நம் இருவரில் படம் வரையத் தெரிந்தவள் நீதான். இன எழுத்துகள் ஆறு இணைகளாக நிற்பது உனக்கு நினைவிருக்கும்: தங்கம், பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. இச்சொற்களில் ஒவ்வொரு வல்லினத்துக்கும் முன்னால் அதன் தோழி கைபிடித்து நிற்கிறாள். ந, ண, ன ஆகிய மூன்றில் எது எங்கே வரும் என்ற குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பன்னிரண்டு அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி இணை தேடும் ஆட்டம் ஒன்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். எழுத்துகளை மட்டும் பெரிதாக எழுதி அனுப்பு. உன் பேத்திக்கும் ஒரு கட்டு செய்து வைத்துக்கொள். அட்டை தடிமனாக இருக்கட்டும். என்னிடம் வருகிறவர்களில் இருவர் எதையும் முதலில் கடித்துப் பார்க்கிறவர்கள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழி